பெர்ட் ஜான்ஷ் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி வரும்: "இது ரெண்டு பேர் வாசிக்கிறதா?" இல்லை, ஒருத்தர்தான். "யாரு?" பெர்ட் ஜான்ஷ். பெயரைக் கேட்டதும் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. ஆனால் காபி குடித்து முடிப்பதற்குள் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். இதுவரை என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், இனி இதையே அனுப்பிவிடலாம் என்று.

சரி, யார் இவர்?

ஸ்காட்லாந்துக்காரர். 1943 நவம்பர் 3-ல் கிளாஸ்கோவில் பிறந்து எடின்பரோவில் வளர்ந்தவர். பாட்டு எழுதுவார், பாடுவார், அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பார். மூன்றாவதற்காகத்தான் அதிகம் பேசப்படுகிறார். 2011 அக்டோபர் 5-ல் லண்டனில் இறந்தார். தனியாகவும் பென்டாங்கிள் குழுவோடும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள்.

லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ், நீல் யங், டானவன், நிக் டிரேக், ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் என்று இவரைக் கேட்டு வளர்ந்தவர்களின் வரிசை நீளமானது. அவர்களில் பலரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் நீங்கள் ஜான்ஷின் கை வேலையை ஏற்கெனவே கேட்டிருக்க வாய்ப்பு உண்டு, வேறொருவர் பெயரில்.

ஜான்ஷா, யான்ஷா?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. குடும்பத்தின் பூர்வீகம் ஜெர்மன் பக்கம், அதனால் வந்த குழப்பம். நான் ஜான்ஷ் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

கிட்டாரை யாரிடம் கற்றுக்கொண்டார்?

எடின்பரோவின் ஹை ஸ்ட்ரீட்டில் 'ஹவ்ஃப்' என்று ஒரு ஃபோக் கிளப், அதாவது நாட்டுப்புறப் பாடல்கள் பாடும் இடம், இருந்தது. ஸ்காட்ஸ் மொழியில் ஹவ்ஃப் என்றால் வழக்கமாக ஆட்கள் கூடும் இடம். வெஸ்ட் பில்டன் என்ற உழைக்கும் மக்கள் குடியிருப்பிலிருந்து ஒரு பதின்வயதுப் பையன் அங்கே வந்து சேர்ந்தான். பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு செடி நர்சரியில் வேலை. 1960-ல் அந்த வேலையையும் விட்டுவிட்டு கிளப்பிலேயே தங்க ஆரம்பித்தான். யாரும் நியமிக்காத காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் சொந்தமாக ஒரு கிட்டார்கூடக் கிடையாது.

அங்கே ஜில் டாயில் என்ற பெண் கிட்டார் வகுப்பு எடுத்துவந்தார். தனக்குத் தெரிந்ததையெல்லாம் பையன் சீக்கிரமே வாங்கிக்கொண்டதால் ஆர்ச்சி ஃபிஷரிடம் அனுப்பிவைத்தார். ஆர்ச்சி ஃபிஷர் பின்னாளில் ஸ்காட்லாந்தின் முக்கியமான பாடகர்களில் ஒருவரானவர். ஜில் டாயிலின் வழியாக இன்னொன்றும் கிடைத்தது. பெற்றோரில் ஒருவர் மட்டும் வேறான அவருடைய சகோதரர் டேவி கிரஹாம், லண்டனில் அப்போது கிட்டார் உலகையே புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தவர். அவர் வாசித்த 'ஆஞ்சி' என்ற சிறு இசைத்துண்டு ஒலிநாடாவில் எடின்பரோவுக்கு வந்தது. ஏ, ஜி, எஃப், ஈ என்று கீழ்த்தந்தி நான்கு படி இறங்கும், அதன் மேல் இன்னொரு மெட்டு நடக்கும். ஜான்ஷ் அதைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார்.

அப்புறம் ப்ரௌனி மெக்கீ. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஹவ்ஃபுக்கு வந்து வாசித்தபோது, அவருடைய விரல்களை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் பையனுக்குக் கிடைத்தது. முப்பது வருடம் கழித்து 1992-ல் ஜான்ஷைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் அவர் அமெரிக்காவுக்குப் போய், வயதான மெக்கீயின் எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறார். ஐம்பதை நெருங்குகிற, ஊரெல்லாம் பெயரெடுத்த மனிதர், அந்தக் காட்சியில் மட்டும் வாத்தியார் முன்னால் உட்கார்ந்த பையனாகத் தெரிவார்.

அப்படியானால் இது ஸ்காட்டிஷ் இசையா, அமெரிக்க இசையா?

இரண்டையும் பிரிக்கவே முடியாத இடத்தில்தான் இவர் நிற்கிறார். 1950-களின் கடைசியில் பிரிட்டனில் இளைஞர்கள் ஒரு பக்கம் அமெரிக்க ப்ளூஸ் ரெக்கார்டுகளைத் தேடி அலைந்தார்கள், இன்னொரு பக்கம் சொந்த ஊர்ப் பழைய பாடல்களைத் தோண்டி எடுத்தார்கள். ஜான்ஷ் பாடும் கதைப்பாடல்களில் ஸ்காட்லாந்தும் இருக்கும், அயர்லாந்தும் இங்கிலாந்தும் இருக்கும். கிட்டாரில் பிக் பில் ப்ரூன்ஸியின் ப்ளூஸ் இருக்கும், சார்லஸ் மிங்கஸின் ஜாஸ் இருக்கும். இந்தக் கலவைக்கு 'ஃபோக் பரோக்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ மாளிகை வரவேற்பறையில் வாசிக்கும் இசை போல இருக்கிறது. இவர் வாசித்ததெல்லாம் புகை மண்டிய நிலவறைகளில்.

லண்டனுக்கு எப்படிப் போனார்?

நேராகப் போகவில்லை. 1963 முதல் இரண்டு வருடம் போல ஊர் சுற்றினார். லாரிகளில் தொற்றிக்கொண்டு ஐரோப்பா, அங்கிருந்து மொராக்கோ. தெருவிலும் மதுக்கடையிலும் வாசித்துச் சாப்பிட்டார். டாஞ்சியரில் வயிற்றுக்கடுப்பு வந்து படுத்துவிட, ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். முதல் ஆல்பத்தில் இருக்கும் 'ஸ்ட்ரோலிங் டவுன் தி ஹைவே', 'காஸ்பா' இரண்டும் அந்த நடையில் கிடைத்தவை.

லண்டனில் சோஹோ பகுதி, கிரீக் ஸ்ட்ரீட் 49-ம் எண் கட்டடத்தின் நிலவறையில் 'லே கசின்ஸ்' என்ற கிளப் 1965-ல் தொடங்கியது. மது விற்க உரிமம் கிடையாது. ராத்திரி முழுக்கப் பாட்டு நடக்கும், கடைசி ரயிலை விட்டவர்களுக்கு விடியும்வரை படுக்க இடமும் ஆயிற்று. ஜான்ஷ் அங்கே மேடையேறினால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்களாம், இடது கையைத்தான் பார்ப்பார்களாம். கிட்டார் பழகுகிற யாருக்கும் இது புரியும்.

முதல் ஆல்பத்துக்கு 100 பவுண்டுதான் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கதையே சுவாரசியமானது.

பில் லீடர் என்பவர் நாட்டுப்புறப் பாடகர்களைப் பதிவு செய்வதையே வேலையாக வைத்திருந்தார். ஸ்டுடியோ கிடையாது, லண்டன் கேம்டனில் அவருடைய வீடுதான் ஸ்டுடியோ. ஒரு ரீவாக்ஸ் டேப் ரெக்கார்டர், மைக், அவ்வளவுதான். ஜான்ஷிடம் அப்போதும் சொந்தக் கிட்டார் இல்லை, இரவல் வாங்கி வந்து வாசித்தார். முடிந்த டேப்பை டிரான்ஸ்அட்லான்டிக் நிறுவனத்துக்கு மொத்தமாக 100 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். 'பெர்ட் ஜான்ஷ்' என்ற பெயரிலேயே 1965 ஏப்ரலில் ஆல்பம் வெளியானது. காலப்போக்கில் 1,50,000 பிரதிகள் விற்றது.

உட்கார்ந்து கேட்டால் இன்றும் ஆச்சரியமாக இருக்கும். எதிரொலிகூட இல்லாத வறண்ட சத்தம். ஒரு மனிதன் உங்கள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறான், தந்தியில் விரல் சறுக்கும் கீச்சொலிகூடக் கேட்கிறது. 21 வயதுப் பையனின் முதல் ரெக்கார்டு இது என்று சொல்லித்தான் தெரிய வேண்டும். 'ஆஞ்சி'யும் அதில் இருக்கிறது, ஆனால் டேவி கிரஹாம் வாசித்தபடி இல்லை. நடுவில் நாட் ஆடர்லியின் ஒரு ஜாஸ் மெட்டைக் கொண்டுவந்து செருகிவிட்டார். அடுத்த வருடம் வெளியான ஆல்பத்தில் பால் சைமனும் அதே 'ஆஞ்சி'யை வாசித்தார். அந்தக் காலத்தில் கிட்டார் பிடித்தவர்கள் எல்லாரும் ஏறிப் பார்த்தே ஆக வேண்டிய மலை அது.

'நீடில் ஆஃப் டெத்' எதைப் பற்றிய பாட்டு?

ஹெராயின் ஊசியால் இறந்துபோன ஒரு நண்பரைப் பற்றியது. 1965-ல் இதைப் பற்றி அதிகம் பேர் இவ்வளவு வெளிப்படையாகப் பாடவில்லை. பாட்டில் புத்திமதி கிடையாது, அழுகையும் கிடையாது. தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல நகரும். மெட்டு இனிமையாக இருப்பதுதான் இன்னும் உறுத்தும்.

நீல் யங்கின் 1974 ஆல்பத்தில் 'ஆம்புலன்ஸ் ப்ளூஸ்' என்ற நீண்ட பாட்டு இருக்கிறது. அதன் கிட்டார் நடை இந்தப் பாட்டிலிருந்து தன்னையறியாமல் வந்துவிட்டது என்று யங் பின்னால் தானே ஒப்புக்கொண்டார்.

அவர் வாசிப்பில் அப்படி என்ன விசேஷம்? ரெண்டு பேர் வாசிப்பது போல எப்படிக் கேட்கிறது?

கட்டைவிரல் ஒரு ஆள், மற்ற விரல்கள் இன்னொரு ஆள். கட்டைவிரல் கனத்த தந்திகளில் தாளம் பிடிக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டைச் சொல்லும். இது மட்டும் என்றால் அமெரிக்க ப்ளூஸ்காரர்கள் எல்லாரும் செய்ததுதான். ஜான்ஷிடம் கூடுதலாக மூன்று விஷயங்களை நான் கவனித்திருக்கிறேன்.

முதலாவது, தந்தியைத் தடவி மீட்ட மாட்டார். விரலைத் தந்திக்கு அடியில் கொடுத்து இழுத்து விடுவார். அது திரும்பிப் போய்ப் பலகையில் 'சடக்'கென்று அடிக்கும். அந்த அடியே ஒரு தாளவாத்தியம்.

இடது கையும் சும்மா இருக்காது. ஒரு சுரத்தை வலது கை மீட்டினால், அடுத்த இரண்டு சுரங்களை இடது கை தந்தியில் தட்டியும் விடுவித்தும் எழுப்பிவிடும். பக்கத்தில் திறந்து விட்ட தந்தி ஒன்று ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு சத்தத்துக்கும் வலது கை செய்த வேலை பாதிதான்.

மூன்றாவதுதான் கஷ்டம். கிட்டார் பாட்டுக்குப் பின்னால் போகும், பாட்டு கிட்டாருக்குப் பின்னால் போகாது. ஒரு வரி நீண்டால் தாளத்தில் அரை மாத்திரையோ ஒரு மாத்திரையோ கூட்டிக்கொள்வார், குறைந்தால் வெட்டிவிடுவார். மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்துப் பழகுகிறவர்கள் இங்கேதான் விழுகிறோம். நான் ஆறு மாதம் விழுந்தேன். கடைசியில் மெட்ரோனோமை அணைத்துவிட்டு வாயால் பாடிக்கொண்டே வாசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

லெட் செப்பலின் இவருடைய பாட்டைத் திருடியதா?

எல்லாரும் சுற்றி வளைத்துக் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. நிதானமாகச் சொல்கிறேன்.

'பிளாக்வாட்டர்சைட்' ஒரு பழைய ஐரிஷ் நாட்டுப்புறப் பாட்டு. ஆற்றங்கரையில் காதலனிடம் ஏமாந்த ஒரு பெண் சொல்வது. நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஏ. எல். லாயிடிடமிருந்து ஆன் பிரிக்ஸ் என்ற பாடகி அதைக் கற்றார். ஆன் பிரிக்ஸ் பெரும்பாலும் வாத்தியமே இல்லாமல் வெறுங்குரலில் பாடுகிறவர். அவரிடமிருந்து ஜான்ஷ் கற்றார். அந்த வெறுங்குரல் மெட்டுக்கு அடியில் ஓட, சுழன்று சுழன்று வரும் ஒரு கிட்டார் பகுதியை உருவாக்கினார். 1966-ல் 'ஜாக் ஓரியன்' ஆல்பத்தில் வந்தது. பாட்டு ஊருடையது, கிட்டார் பகுதி ஜான்ஷுடையது. இந்த இடத்தை மறக்காதீர்கள்.

1969 ஜனவரியில் லெட் செப்பலினின் முதல் ஆல்பம் வருகிறது. அதில் 'பிளாக் மவுன்டன் சைட்' என்று பாடல் வரிகள் இல்லாத ஒரு துண்டு. கேட்டால் அதே சுழற்சி, கூடவே விராம் ஜசானியின் தபலா. இயற்றியவர்: ஜிம்மி பேஜ். வேறு பெயர் இல்லை.

நடுவில் ஒரு வேடிக்கை உண்டு. ஜான்ஷ் இதை வாசித்தது 'ட்ராப் டி' சுருதியில், அதாவது கனத்த தந்தி ஒன்றை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிக்கொண்டு. பேஜ் வாசித்தது டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதியில், அதாவது ஆறு தந்திகளையும் கனத்ததிலிருந்து வரிசையாக அந்தச் சுரங்களுக்கு வைத்துக்கொண்டு. ஏன் இந்த வித்தியாசம்? கிளாஸ்கோவில் பிறந்த இன்னொரு பாடகர் அல் ஸ்டூவர்ட் சொல்லும் கதை இது: ஜான்ஷின் கச்சேரிகளை விடாமல் பார்த்து இந்தப் பாட்டைப் பிடித்தாராம், ஆனால் சுருதியைத் தப்பாக ஊகித்துவிட்டாராம். தன்னுடைய பாட்டு ஒன்றின் பதிவுக்கு வாசிக்க வந்த பேஜுக்கு அதையே சொல்லிக் கொடுத்தாராம். தப்பு உட்பட அப்படியே பரவியிருக்கிறது.

டிரான்ஸ்அட்லான்டிக் நிறுவனம் வக்கீல்களிடம் போனது. வாய்ப்பு இருக்கிறது, ஆனால் மெட்டு மரபானது என்பதால் எவ்வளவு பகுதி யாருடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு என்று பதில் வந்தது. எதிரில் இருப்பதோ பணம் கொழிக்கும் குழு. வழக்கு கோர்ட் வாசலை மிதிக்கவே இல்லை.

என் கருத்தைக் கேட்டால், வாசித்தது குற்றமில்லை. நாட்டுப்புற இசை பிழைத்திருப்பதே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கை வாங்குவதால்தான். ஜான்ஷும் 'ஆஞ்சி'யை அப்படித்தான் வாங்கினார், ஆன் பிரிக்ஸிடமும் அப்படித்தான் வாங்கினார். ஆனால் 'பிளாக்வாட்டர்சைட்' தன் ரெக்கார்டில் வந்தபோது அதை மரபுப் பாடல் என்றுதான் போட்டார், தானே இயற்றியதாகப் போட்டுக்கொள்ளவில்லை. பேஜ் அட்டையில் இன்னொரு பெயருக்கு இடமா இல்லாமல் போனது? அந்த ஒற்றை வரிதான் என் புகார்.

ஜான்ஷுக்குக் கோபம் வரவில்லையா?

விரல் பகுதியைப் பேஜ் சுட்டுவிட்டார் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு தொங்கவில்லை.

பென்டாங்கிள் என்பது என்ன?

ஐந்து பேர் சேர்ந்த குழு. பெயரே ஐந்துமுனை நட்சத்திரம். ஜான்ஷும் ஜான் ரென்போர்னும் லண்டனில் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். இரண்டு கிட்டார்களும் ஒன்றோடொன்று பேசுகிற மாதிரி 'பெர்ட் அண்ட் ஜான்' என்ற ஆல்பத்தை 1966-ல் போட்டார்கள். 1967-ல் பாடகி ஜாக்கி மெக்ஷீ, டபுள் பாஸ் வாசிக்கும் டேனி தாம்ஸன், டிரம்ஸ் வாசிக்கும் டெர்ரி காக்ஸ் மூவரும் சேர்ந்தார்கள். கடைசி இருவரும் ஜாஸ்காரர்கள். டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் ஹார்ஸ்ஷூ என்ற ஹோட்டலில் வாராவாரம் வாசித்துத்தான் குழு பதப்பட்டது.

1969-ல் வந்த 'பாஸ்கெட் ஆஃப் லைட்' பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 5-ம் இடம்வரை ஏறியது. அதன் முதல் பாட்டு 'லைட் ஃப்ளைட்', பிபிசியின் முதல் வண்ணத் தொடர்நாடகமான 'டேக் த்ரீ கேர்ள்ஸ்'-க்கு முகப்புப் பாட்டு. வாராவாரம் வீட்டுக் கூடத்தில் ஒலித்த இந்தப் பாட்டின் தாளத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்தும் ஏழும் மாறி மாறி வந்து நடுவில் ஆறுக்குப் போகும். கண்ட நடை, மிஸ்ர நடை என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே உறைக்கும். கூடத்தில் உட்கார்ந்திருந்த லண்டன்காரர்கள் எண்ணாமலேயே முணுமுணுத்திருக்கிறார்கள். அதே ஆல்பத்தில் ஒரு பழைய கதைப்பாடலுக்கு ரென்போர்ன் சிதார் வாசிக்கிறார், ஜான்ஷ் பாஞ்சோ வாசிக்கிறார். கேட்க விசித்திரம், ஆனால் ஒட்டுகிறது.

ஓயாத பயணம், குடி, சலிப்பு. 1973 தொடக்கத்தில் குழு கலைந்தது.

அதற்கப்புறம் என்ன ஆனார்?

வேல்ஸில் ஒரு பண்ணைக்குக் குடிபோனார். விவசாயியாகிவிடுவார் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் 1974-ல் 'எல்.ஏ. டர்னரவுண்ட்' வந்தது. தயாரித்தவர் மங்கீஸ் குழுவிலிருந்த மைக்கேல் நெஸ்மித். ரெட் ரோட்ஸின் பெடல் ஸ்டீல் கிட்டார் பின்னால் வெயில் மாதிரி படர்ந்திருக்கும். ஜான்ஷ் இவ்வளவு இளகி வாசித்து வேறெங்கும் நான் கேட்டதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1979-ல் வந்த 'அவோசெட்'. குரலே கிடையாது. ஆறு துண்டுகள், ஆறுக்கும் பறவைகளின் பெயர்: அவோசெட், லேப்விங், பிட்டர்ன், கிங்ஃபிஷர், ஆஸ்ப்ரே, கிட்டிவேக். பெரும்பாலானவை நீரோரத்துப் பறவைகள். முதல் துண்டு மட்டும் 18 நிமிடம், எல்பியின் ஒரு பக்கம் முழுக்க. குயிலைப் பற்றிய ஒரு பழைய நாட்டுப்புற மெட்டில் தொடங்கி, மார்ட்டின் ஜென்கின்ஸும் டேனி தாம்ஸனும் கூட வர, எங்கெங்கோ பறந்துவிட்டுத் திரும்பும். பங்க் இசை ஊரைக் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பறவைகளைப் பற்றி ஒரு ஆல்பம்! விற்பனையைப் பற்றி யோசித்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார்.

1980-களில் லண்டன் ஃபுல்ஹாமில் கையால் செய்த கிட்டார்கள் விற்கும் கடை ஒன்றும் வைத்துப் பார்த்தார். இரண்டு வருடம் போல ஓடியது.

குடிப்பழக்கம் அவ்வளவு மோசமா?

மோசம்தான். 1987-ல் கணையம் பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடியை விடுங்கள், இல்லையென்றால் உயிரை விட வேண்டியதுதான் என்ற நிலை. விட்டார். திரும்பத் தொடவில்லை என்பதற்கு அடுத்த இருபது வருடத்தின் ரெக்கார்டுகளே சாட்சி. விரல்களில் பழைய கூர்மை வந்துவிட்டது.

அடுத்த தலைமுறை எப்போது கண்டுகொண்டது?

1990-களில். லண்டன் டென்மார்க் ஸ்ட்ரீட்டில் '12 பார் கிளப்' என்று கைக்குட்டை அளவு இடம். அங்கே வாசிக்க ஆரம்பித்தார், இளம் கிட்டார்காரர்கள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். 1995-ல் வந்த 'வென் தி சர்க்கஸ் கம்ஸ் டு டவுன்' விமர்சகர்களை மறுபடி திரும்பிப் பார்க்க வைத்தது. 2000-ல் வந்த 'கிரிம்சன் மூன்' ஆல்பத்தில் ஜானி மாரும் ஸ்வேட் குழுவில் முன்பு இருந்த பெர்னார்ட் பட்லரும் கூட வாசித்தார்கள். 2006-ல் கடைசி ஸ்டுடியோ ஆல்பம் 'தி பிளாக் ஸ்வான்'. அதில் பெத் ஆர்டன், டெவேந்திரா பன்ஹார்ட் என்று மகன், மகள் வயதுக்காரர்கள்.

விருது ஏதாவது?

2001-ல் பிபிசி ரேடியோ 2-ன் ஃபோக் விருதுகளில் வாழ்நாள் சாதனையாளர். 2007-ல் பென்டாங்கிள் குழுவுக்கும் அதே விருது. அதே ஆண்டில் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சொந்தக் கிட்டார் இல்லாமல் கிளப் தரையில் படுத்திருந்த அதே ஊர்.

நீல் யங்குக்கும் இவருக்கும் என்ன உறவு?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எப்படியோ அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஜான்ஷ் அப்படி என்ற அர்த்தத்தில் யங் ஒரு பேட்டியில் சொன்னார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. 2010-லும் 2011-லும் தன் அமெரிக்கக் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்க ஜான்ஷை அழைத்துப் போனார். 2009-லேயே ஜான்ஷுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. யங்கைப் பார்க்க வந்த ஆயிரக்கணக்கானோர் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் வாசித்துவிட்டுப் போனார்.

2014-ல் யங் 'எ லெட்டர் ஹோம்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். டெலிபோன் பூத் மாதிரி இருக்கும் 1947-ம் வருடத்துப் பதிவுப் பெட்டிக்குள் உட்கார்ந்து, தனக்குப் பிடித்த பிறர் பாட்டுகளைக் கரகர சத்தத்தில் பாடினார். அதில் ஒன்று 'நீடில் ஆஃப் டெத்'. நாற்பது வருடத்துக்கு முன்னால் தெரியாமல் எடுத்ததை இந்த முறை பெயர் சொல்லி எடுத்தார்.

கடைசியாக எப்போது மேடையேறினார்?

2011 ஆகஸ்ட் 1, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். பென்டாங்கிளின் ஐந்து பேரும். 1967 மே மாதம் அவர்கள் ஒரு குழுவாகப் பெரிய மேடையில் முதலில் வாசித்ததும் அதே அரங்கத்தில்தான். இரண்டு மாதம் கழித்து இறந்தார். ஹைகேட் கல்லறையில் புதைத்திருக்கிறார்கள். அந்த டிசம்பரிலேயே அவருடைய மனைவி லோரனும் இறந்தார்.

ஆள் எப்படி?

பேச மாட்டார். மேடையில் பாட்டுக்கு நடுவே இரண்டு வார்த்தை வந்தால் பெரிது. பாடும் குரலும் அப்படித்தான். சிலருக்கு அது முணுமுணுப்பாகவே படும். முதல் தடவை எனக்கும் பட்டது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதல் ஆல்பத்தை ராத்திரி ஹெட்போனில் கேளுங்கள். பிடித்தால் 'ஜாக் ஓரியன்'. குழு வாசிப்பு வேண்டுமென்றால் 'பாஸ்கெட் ஆஃப் லைட்'. பாட்டு வேண்டாம், வெறும் வாத்தியம் போதும் என்கிறவர்களுக்கு 'அவோசெட்'. 1967-ல் வந்த 'நிகோலா'வை ஆரம்பத்தில் தொடாதீர்கள்; வயலின் கூட்டம் எல்லாம் சேர்த்து அவரை பாப் பாடகராக்கப் பார்த்தார்கள், சட்டை அளவு சரியில்லை.

நான் கிட்டார் பழகுகிறேன். 'பிளாக்வாட்டர்சைட்' வாசிக்க முடியுமா?

முடியும், உடனே முடியாது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று போட்டிருந்தால் அது பேஜ் வழி. ஜான்ஷ் வழி வேண்டுமென்றால் கனத்த தந்தியை மட்டும் டி-க்கு இறக்குங்கள், மற்ற ஐந்தையும் தொட வேண்டாம். முதலில் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு ஆன் பிரிக்ஸ் வெறுங்குரலில் பாடிய மற்ற பாட்டுகள் நான்கைக் கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், எந்த எழுத்தை இழுக்கிறார் என்று கவனியுங்கள். பிறகு கட்டைவிரலை மட்டும் ஒரு வாரம் பழக்குங்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தால் அந்த 'சடக்' வர நாளாகும், விரல் நுனியும் காந்தும்.